மருந்து அறைக்கு அருகே ஓர் அலைக்கண்ணாடி

1895 வாக்கில் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீச சந்திர போஸ் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். கம்பியில்லாமல் அவர் அனுப்பிய மின்காந்த அலை சுவரைக் கடந்து போய்த் தூரத்தில் இருந்த மணியை அடித்தது. கூடவே கொஞ்சம் வெடிமருந்தையும் கொளுத்தியது. போஸ் ஆராய்ந்த அலைகள் 5 மில்லிமீட்டர் வரை குறுகியவை. இன்று 5ஜி, 6ஜி என்று பேசுகிறவர்கள் கண் வைத்திருக்கும் அலைவரிசைப் பகுதி அதுதான்.

அந்தச் செயல்விளக்கத்தில் பலரும் கவனிக்காமல் விடும் நுட்பம் ஒன்று உண்டு. மருந்தைக் கொளுத்தியது அலை சுமந்து வந்த ஆற்றல் அல்ல. அலை வந்ததை உணர்ந்த கருவி ஒரு மின்சுற்றை மூடியது. நெருப்புக்கு வேண்டிய ஆற்றல் மறுமுனையில் காத்திருந்த மின்கலத்திலிருந்து வந்தது. அலை சேதி மட்டுமே சொன்னது.

1922-இல் அதே கல்கத்தாவுக்குச் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் போனார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு, பட்டாசுக்கு லேபிள் ஒட்ட அச்சகம் என்று வறண்ட கரிசல் பூமியில் ஒரு தொழில் உலகமே எழுந்தது. இந்தியாவில் வெடிக்கப்படும் பட்டாசில் பெரும்பங்கு இன்று இந்த வட்டாரத்திலிருந்துதான் போகிறது. கம்பியில்லா அலைக்கும் வெடிமருந்துக்கும் உள்ள உறவு சிவகாசிக்காரர்களுக்கு அன்றாட விஷயம்: ஆலை வாசலிலேயே செல்போனை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

கம்பியில்லாத் தொடர்புத் துறையில் ஏழெட்டு ஆண்டுகளாக மிகுந்த ஆரவாரத்தோடு பேசப்படும் ஒரு கருவியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மாற்றியமைக்கத்தக்க அறிவார்ந்த பரப்பு என்பது அதன் முழுப்பெயர், ஆராய்ச்சியாளர்கள் ஆர்.ஐ.எஸ். என்பார்கள். இந்தக் கட்டுரையில் அதை அலைக்கண்ணாடி என்றே அழைக்கிறேன். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பதுதான் அதன் மேல் வைக்கப்படும் முதல் நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். பட்டாசு வட்டாரத்தில் அது வரும் விதம் வேறு.

*

செல்போன் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை நேராக மட்டும் நம்மிடம் வருவதில்லை. சுவரில் மோதி, தகரக் கூரையில் பட்டு, லாரியின் பக்கவாட்டில் சிதறி, பல வழிகளில் வந்து சேர்கிறது. முன்பெல்லாம் பொறியாளர்களுக்கு இது தலைவலி. பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்தத் தலைவலியையே முதலாக்கினார். இரு முனைகளிலும் பல ஆன்டெனாக்களை வைத்தால், சிதறி வரும் ஒவ்வொரு வழியிலும் தனித்தனிச் சேதியை ஏற்றி அனுப்பலாம் என்று காட்டினார். இன்றைய வைஃபையும் 4ஜியும் 5ஜியும் நிற்பது அந்த அடித்தளத்தில்.

ஆனால் பால்ராஜின் முறையில் சுவர் சுவராகவே இருக்கும். அலை எப்படிச் சிதற வேண்டும் என்று சுவருக்கு யாரும் உத்தரவிட முடியாது. அலைக்கண்ணாடி கை வைப்பது அந்த இடத்தில்தான்.

ஒரே ஒரு கட்டத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலையின் நீளம் 8.6 சென்டிமீட்டர், அதில் பாதி, 4.3 சென்டிமீட்டர், ஒரு கட்டத்தின் பக்க அளவு. முன்பக்கம் செம்புப் படலத்தால் ஆன ஒரு சதுரத் துண்டு. நடுவில் மின்கடத்தாப் பலகை. பின்பக்கம் முழுக்கச் செம்பு. முன்னுள்ள செம்புத் துண்டை இரண்டாக வெட்டி, வெட்டின் குறுக்கே ஒரு பின் (PIN) வகை டையோடைப் பற்றவைத்திருப்பார்கள். டையோடில் மின்சாரம் ஓடினால் துண்டு முழுதாக இருப்பதைப் போல அலைக்குத் தெரியும். ஓடாவிட்டால் வெட்டுண்டதாகத் தெரியும். திரும்பிப் போகும் அலை முதல் நிலையில் மேடாகப் போனால் இரண்டாம் நிலையில் பள்ளமாகப் போகும். கட்டம் செய்யக்கூடியது இவ்வளவுதான். அது அலையை உண்டாக்குவதில்லை, பெருக்குவதும் இல்லை.

இப்படி நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கட்டங்களை வரிசையாக அடுக்கி, எது மேடு எது பள்ளம் என்று கணக்குப் போட்டு வைத்தால், அவை திருப்பி அனுப்பும் அலைகள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் மேட்டோடு மேடு பொருந்தி வந்து சேரும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரை இழுப்பவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் வடத்தை இழுத்தால் தேர் அசையாது. குரலுக்கு ஒன்றாக இழுத்தால் நிலையை விட்டுக் கிளம்பும். அலைகள் ஒன்றுசேரும்போது வீச்சுகள் கூடுகின்றன, ஆற்றலோ வீச்சின் வர்க்கமாக ஏறுகிறது. கட்டங்களை இரட்டிப்பாக்கினால் அந்தப் புள்ளியில் கிடைக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். இந்த வர்க்கப் பெருக்கம்தான் ஆராய்ச்சியாளர்களை மயக்கியது.

நிலையான பரப்பால் ஒளியை விரும்பிய கோணத்தில் திருப்பலாம் என்று ஹார்வர்டில் ஃபெடெரிகோ கபாஸோவின் குழு 2011-இல் காட்டியது. கட்டங்களுக்குப் பூஜ்யம், ஒன்று என்று கணினி மொழியில் ஆணையிடலாம் என்று சீனாவின் டை ஜுன் சுய் 2014-இல் காட்டினார். 2018 இறுதியில் டோக்கியோவில் என்டிடி டொகோமோ நிறுவனம் 28 கிகாஹெர்ட்ஸில் ஒரு எதிரொலிப் பலகையைச் சோதித்தது. நொடிக்கு 60 மெகாபிட் கிடைத்த இடத்தில் 560 மெகாபிட் கிடைத்ததாக அறிவித்தது. 2020-இல் எம்.ஐ.டி.யில் வெங்கட் அருணும் ஹரி பாலகிருஷ்ணனும் ஓர் அலுவலகச் சுவரில் 3,000-க்கும் மேற்பட்ட மலிவான ஆன்டெனாக்களை ஒட்டி, சிக்னல் வலிமையை ஏறத்தாழ பத்து மடங்கு கூட்டினார்கள். இந்த ஹரி பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2021-இல் ஐரோப்பியத் தரநிர்ணய அமைப்பான எட்சி இதற்கென்றே தனிக் குழு அமைத்தது.

*

மிச்சம் என்ற கணக்குக்கு வருவோம். 2019-இல் சோங்வென் ஹுவாங்கும் நான்கு சகாக்களும் எழுதிய ஆய்வுக் கட்டுரைதான் இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுபவற்றில் ஒன்று. அலையை வாங்கிப் பெருக்கி அனுப்பும் வழக்கமான ரிலேயோடு ஒப்பிட்டால் அலைக்கண்ணாடியின் ஆற்றல் திறன் 300 சதவீதம் வரை கூடும் என்று அது சொன்னது. அடுத்த ஆண்டே ஸ்வீடனின் எமில் பியோர்ன்சனும் கூட்டாளிகளும் மறுதரப்பை முன்வைத்தார்கள். பெருக்கி அனுப்பும் ரிலே மட்டமான போட்டியாளர். வந்த சேதியைப் படித்துப் புதிதாக எழுதி அனுப்பும் ரிலேயோடு போட்டி வைத்தால், மிகப் பெரிய பரப்பும் மிக உயர்ந்த வேகத் தேவையும் இருந்தால்தான் கண்ணாடி ஜெயிக்கும் என்றார்கள். இரண்டு கட்டுரைகளுமே சரி. யாரை எதிரில் நிறுத்துகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

கண்ணாடியின் பலவீனம் எங்கே? அலை கோபுரத்திலிருந்து கண்ணாடிக்கு வரும்போது ஒருமுறை மெலிகிறது. கண்ணாடியிலிருந்து பயனரிடம் போகும்போது மறுபடி மெலிகிறது. இந்த இரட்டை மெலிவு வர்க்கப் பெருக்கத்தைத் தின்றுவிடும். கோபுரம் தொலைவிலும் கண்ணாடி பயனருக்குப் பக்கத்திலும் இருந்தால், சூத்திரங்களையெல்லாம் சுருக்கி ஒரு விதியாக எழுதலாம்: தடையில்லாத நேர்ப்பாதை தரும் அளவுக்குக் கண்ணாடியும் தர வேண்டுமானால் அதன் பரப்பளவு அலைநீளத்தைக் கண்ணாடிக்கும் பயனருக்கும் உள்ள தூரத்தால் பெருக்கிய அளவுக்கு இருக்க வேண்டும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். தூரம் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் 2022-இல் ஏலம் விடப்பட்ட 5ஜி அலைவரிசைகளில் 26 கிகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 11.5 மில்லிமீட்டர். ஆக 0.58 சதுர மீட்டர் போதும். ஒரு ஜன்னல் அளவு. 3.5 கிகாஹெர்ட்ஸுக்கு 4.3 சதுர மீட்டர். 700 மெகாஹெர்ட்ஸுக்கோ 21 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஒரு வீட்டுச் சுவர் முழுக்க. ஊருக்கு வெளியே தூரம் தூரமாய்க் கிடக்கும் இடங்களை எட்டுவது தாழ்ந்த அலைவரிசைதான். கண்ணாடி செழிப்பது உயர்ந்த அலைவரிசையில். கிராமப்புறத்தில் அலைக்கண்ணாடி வந்தால் சிக்னல் பிரச்சினை தீரும் என்று யாராவது சொன்னால், எந்த அலைவரிசையில் என்று கேட்டுவிட்டு மேலே பேச வேண்டும்.

4.3 சதுர மீட்டரில் சுமார் 2,340 கட்டங்கள் அடங்கும். எந்த நேரத்திலும் ஏறக்குறையப் பாதி டையோடுகள் எரிந்துகொண்டிருக்கும். ஒன்றுக்குச் சுமார் 10 மில்லிவாட் என்றால் 12 வாட். கட்டுப்படுத்தும் பலகையையும் மின்வழங்கியையும் சேர்த்தால் 20 வாட்டை நெருங்கும். ஒரு நாளைக்கு அரை யூனிட். கோபுரத்தில் இருக்கும் 64 ஆன்டெனா கொண்ட ஒரு 5ஜி வானொலிப் பெட்டி முழுச் சுமையில் ஒரு கிலோவாட்டுக்கு அருகில் இழுக்கும் என்பதைப் பார்த்தால் இது சொற்பம்தான். ஆனால் செயலற்ற பரப்பு, மின்சாரமே வேண்டாம் என்று சில விளம்பரங்கள் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. பின் டையோடுக்குப் பதிலாக வைக்கப்படும் வேரக்டர் டையோடுகள் கிட்டத்தட்ட மின்னோட்டமே எடுக்காது. ஆனால் அவற்றுக்கு மின்னழுத்தம் ஊட்டும் சுற்றுகள் எடுக்கும். திரவப் படிகம் இன்னும் சிக்கனம். ஆனால் மெதுவாக மாறும்.

*

இந்தக் கணக்கோடு பட்டாசு வட்டாரத்துக்குள் போவோம்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் போகும் எவர் கண்ணிலும் முதலில் படுவது இடைவெளிதான். சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. ஓர் அறை வெடித்தால் அடுத்தது தப்ப வேண்டும் என்பதற்காக 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் இடைவெளியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. வேலை அறையில் நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது. மருந்து கலக்கும் அறை வேறு, அடைக்கும் அறை வேறு, திரி செருகும் அறை வேறு. அறைக்குள் நுழையும் முன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரத்தை மண்ணுக்கு இறக்க வேண்டும். 10,000 வோல்ட் ஏறிய மனித உடம்பு ஒரு பொறியில் 5 மில்லிஜூல் வரை கொட்டும். அலுமினியத் தூள் கலந்த மருந்துக்கு அது சின்ன விஷயம் அல்ல.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள். இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பின்னால் திரும்பத் திரும்பக் கேட்கும் சொற்கள் உராய்வு, அளவுக்கு மீறிய மருந்து, அளவுக்கு மீறிய ஆள், வெயில், முந்தின நாள் மீந்த கலவை, உள்குத்தகை. வானொலி அலை அந்தப் பட்டியலில் இல்லை. செல்போனுக்குத் தடை இருப்பது சரி. மின்கலமும் கவனச்சிதறலும் மருந்து அறைக்கு ஆகாதவை. ஆனால் கோபுரத்திலிருந்து வரும் அலையைப் பற்றிய அச்சத்தை எண்ணால்தான் அளக்க வேண்டும்.

ஒரு 5ஜி வானொலிப் பெட்டி 200 வாட் அனுப்புகிறது, அதை ஒரே திசையில் 300 மடங்கு குவிக்கிறது என்று கொள்வோம். 500 மீட்டர் தள்ளி, கற்றை நேராக விழும் இடத்தில்கூட ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது 19 மில்லிவாட். நம் 4.3 சதுர மீட்டர் கண்ணாடி பிடிக்கக்கூடியது மொத்தம் 82 மில்லிவாட். அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் குவித்தாலும் வாங்கிய 82-க்கு மேல் ஒரு மில்லிவாட்கூடக் கொடுக்காது. தூசு நிறைந்த வெடிச்சூழலில் வானொலி அலைக்குப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரம் வைத்திருக்கும் வரம்பு 6 வாட். எழுபது மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அந்தத் தரம் பட்டாசு மருந்துக்கென்று எழுதப்பட்டதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கண்ணாடி விற்க வருகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். வாணவேடிக்கைகளில் தூரத்திலிருந்து பற்றவைக்க எலெக்ட்ரிக் மேட்ச் பயன்படுத்துகிறார்கள். மெல்லிய கம்பி ஒன்றில் மின்சாரம் பாய்ந்து சூடேறி, அதன் மேல் பூசிய மருந்து பற்றும். அதன் இரண்டு ஒயர்களும் தற்செயலாக ஆன்டெனா ஆகலாம். மின்சார வெடிப்பிகளுக்கு வானொலிக் கோபுரத்திலிருந்து பாதுகாப்பான தூரம் எவ்வளவு என்று அமெரிக்காவின் வெடிபொருள் உற்பத்தியாளர் அமைப்பு வெளியிட்டிருக்கும் அட்டவணை 40 மில்லிவாட்டை எல்லையாகக் கொள்கிறது. நம் கண்ணாடி பிடிக்கும் 82 மில்லிவாட் அதைவிட இரு மடங்கு. முழுக் கற்றையும் கண்ணாடி மேல் விழுந்து, இழப்பே இல்லாமல் குவிந்து, அந்தக் குவியத்தில் ஒயர் கச்சிதமான நீளத்தில் கிடந்தால்தான் அது முழுக்க உள்ளே போகும். அநேகமாக நடக்காது. ஆனாலும் அந்த ‘அநேகமாக’வை நம்பி வெடிபொருள் கிடங்குக்குப் பக்கத்தில் யாரும் குவியப் புள்ளியை வைக்கக் கூடாது. நல்லவேளை, வட்டாரத்தின் பெரும்பாலான சரக்கு திரியில் தீ வைக்கும் ரகம். அதில் ஒயர் கிடையாது.

இன்னொரு பக்கமும் உண்டு. சிக்னல் மங்கிய இடத்தில் செல்போன் தன் குரலை உயர்த்தும். 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட் வரை, பழைய 2ஜி போன் 2 வாட் வரை அனுப்பும். சிக்னல் நன்றாக இருந்தால் அதில் ஒரு துளிதான் தேவை. ஆலை வாசலில் நின்று பேசும் போர்மேன் கையில் இருக்கும் போன்தான் அந்த வளாகத்திலேயே மிக அருகிலிருக்கும் வானொலி நிலையம். வாசலில் சிக்னலை மேம்படுத்தினால் அந்த நிலையத்தின் சக்தி தானாகக் குறையும். ஆற்றல் சிக்கனம் என்ற சொல்லுக்குப் பட்டாசு ஆலையில் கிடைக்கும் அர்த்தம் இது. மின்கட்டணத்தில் மிச்சமாகும் யூனிட்டுகளைவிட, மருந்துக்கு அருகே புதிதாக ஒரு வாட்டும் உண்டாக்காமல் இருப்பது பெரிது.

*

அப்படியென்றால் இங்கே கண்ணாடிக்கு என்ன வேலை?

திறந்த கரிசல் காட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. கோபுரத்தைக் கண்ணால் பார்க்க முடிகிற இடத்தில் நேர்ப்பாதையே போதும். பாதை மறைக்கப்பட்ட இடங்கள்தான் கேள்வி: மண் மேட்டால் சூழப்பட்ட சரக்குக் கிடங்கின் பின்பக்கம், ஊருக்குள் தகரக் கொட்டகைகள் நெருங்கி நிற்கும் அச்சகக் கிடங்குகள், மேற்கே ராஜபாளையம் தாண்டி மலை நிழலில் இருக்கும் தோப்புகள். மலைக்குக் கண்ணாடி வைக்கும் யோசனை புதிதும் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க மலைப் பகுதிகளில் மைக்ரோவேவ் தொலைபேசி இணைப்புகளுக்கு விளம்பரப் பலகை போன்ற வெற்று உலோகத் தட்டிகளை உச்சியில் நட்டார்கள். மின்சாரம் கிடையாது, ஆள் கிடையாது. மேலே சொன்ன விதியில் கிலோமீட்டரைப் போட்டுப் பார்த்தால் அவை ஏன் அவ்வளவு பிரம்மாண்டமாக இருந்தன என்பது விளங்கும்: 6 கிகாஹெர்ட்ஸில் 2 கிலோமீட்டருக்கு 100 சதுர மீட்டர்.

இந்தத் தட்டிகளை நினைக்கும்போதுதான் எனக்கு அடிப்படைச் சந்தேகம் ஒன்று வருகிறது. அலைக்கண்ணாடி எதற்காக மாற வேண்டும்? நடமாடும் மனிதரைப் பின்தொடரத்தான். நகரத்துப் பேருந்து நிலையத்தில் அது நியாயம். பட்டாசு ஆலையில் கோபுரமும் நகராது, கிடங்கும் நகராது, வாசலும் நகராது. எந்த அலை எங்கிருந்து வந்து எங்கே போக வேண்டும் என்பது ஒருமுறை தீர்மானித்தால் தீர்ந்தது. டையோடு, ஒயர், கட்டுப்படுத்தும் பலகை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு செம்புத் துண்டின் அளவையும் கூட்டிக் குறைத்தே அலையைத் திருப்பலாம். அந்த 20 வாட்டும் பூஜ்யமாகும். மருந்து வளாகத்துக்குள் மின்சாரக் கருவி எதைக் கொண்டுபோனாலும் அதற்கென்று தனி உறை, தனிச் சான்று வேண்டும். அந்தத் தொல்லையும் போகும். ஆய்விதழ்களில் மாற்றத்தக்க பரப்புக்குத்தான் மதிப்பு. இந்த ஊருக்கு மாறாத பரப்பு போதும் என்பது என் கணிப்பு.

மாறாத பரப்பென்றால் அது அச்சு வேலை. மின்கடத்தாத் தாளின் மேல் உலோகச் சதுரங்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில். டோக்கியோவில் 1876-இல் தொடங்கிய டாய் நிப்பான் பிரிண்டிங், உலகின் மிகப் பெரிய அச்சு நிறுவனங்களில் ஒன்று, 5ஜி மில்லிமீட்டர் அலைகளுக்கான எதிரொலிப் பலகைகளை உருவாக்கிவருகிறது. படல அச்சில் பழகிய கை அதற்கு உதவுகிறது. நேரு குட்டி ஜப்பான் என்று அழைத்ததாகச் சிவகாசிக்காரர்கள் பெருமையோடு சொல்லும் ஊரில் காலண்டரும் டைரியும் பட்டாசு லேபிளும் அடிக்கும் ஆஃப்செட் மிஷின்கள் வரிசையாக நிற்கின்றன. ஃபாயில் ஒட்டுவது, லேமினேஷன், டை கட்டிங் எல்லாம் ஒரே தெருவில் முடியும். நான்கு வண்ணங்கள் ஒன்றன் மேல் ஒன்று பிசகாமல் விழ வேண்டும் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் மிஷின்மேனுக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பழகிய அளவு. 3.5 கிகாஹெர்ட்ஸுக்கு அந்தத் துல்லியம் போதும். 26 கிகாஹெர்ட்ஸுக்குப் போதாது. அங்கே கட்டத்தின் அகலமே 6 மில்லிமீட்டருக்குக் கீழே.

சிரமங்களும் அச்சகத்துச் சிரமங்களே. காகிதம் ஈரம் குடிக்கும். ஈரம் அலையை விழுங்கும். ஆகவே பிளாஸ்டிக் படலம்தான் தாங்கும். ஃபாயிலும் பசையும் ஐப்பசி மழையில் பிரியாமல் இருக்க வேண்டும். வெளிச்சுவரில் நாலு சதுர மீட்டர் உலோகப் படலம் இருந்தால் அதை மண்ணோடு இணைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்து இடியைக் கருதி இடிதாங்கியின் பாதுகாப்பு எல்லைக்குள்ளும் வைக்க வேண்டும். சிவகாசிக்கு அருகிலுள்ள மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரே பட்டாசுக்கு அலுமினியத் தூள் செய்யும் ஆலையின் வழி வந்தது. உலோகம், அச்சு, அலை மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க வேறு ஊரைத் தேட வேண்டியதில்லை.

*

கண்ணாடி அலையைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அங்கே யார் அதைப் பயன்படுத்துவார்கள்? தொழிலாளியின் கையில் போன் இல்லை. பதில் உணரிகள். மீந்த கலவை இருக்கும் அறையில் வெப்பநிலை ஏறுகிறதா, காற்றில் ஈரம் கூடுகிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை தெரிந்தால், அலுமினியமும் நைட்ரேட்டும் ஈரத்தில் மெல்லச் சூடாவதை, தீப்பற்றும் முன்பே பிடிக்கலாம். ஆனால் மருந்து அறைக்குள் மின்கலத்தோடு ஒரு பெட்டியை யார் வைப்பார்?

இங்கே அலைக்கண்ணாடியின் பங்காளி ஒருவர் உதவிக்கு வருகிறார். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஷ்யாம் கொல்லகோட்டாவும் வாஷிங்டன் பல்கலைக்கழகச் சகாக்களும் 2013-இல் மின்கலமே இல்லாத சிறு கருவிகளைச் செய்தார்கள். அவை அலையை உண்டாக்கவில்லை; சுற்றிலும் பரவியிருந்த தொலைக்காட்சிக் கோபுரத்து அலையை எதிரொலித்தும் எதிரொலிக்காமலும் மாறி மாறி நின்று, அந்த மாற்றத்தையே சேதியாக்கின. இயங்கும் ஆற்றலையும் அதே அலையிலிருந்து எடுத்தன. வெளியில் இரண்டரை அடி தூரத்துக்கு நொடிக்கு ஒரு கிலோபிட். படம் பார்க்க உதவாது. அறை 41 டிகிரி என்று சொல்லத் தாராளம். அலைக்கண்ணாடியின் ஒரு கட்டம் செய்வதும் இதே வேலைதான்: தன் நிலையை மாற்றி அலையின் முகத்தைத் திருப்புவது.

ஆற்றல் போதுமா? முன்பு சொன்ன 19 மில்லிவாட் கணக்கில், 3.5 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா ஒன்று பிடிக்கும் பரப்பு 6 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. கையில் வருவது 11 மைக்ரோவாட். கற்றை வேறு பக்கம் திரும்பினால் அதுவும் இல்லை. சிக்கனமான உணரிக்கு மட்டுமட்டு. அங்கேதான் அச்சடித்த கண்ணாடிக்கு மெய்யான வேலை இருக்கிறது. கிடங்கின் எதிர்ச்சுவரில் நின்று, சிதறிப் போகும் அலையைச் சேர்த்து உணரியின் மேல் போட்டால் மைக்ரோவாட்டுகள் பெருகும். மைக்ரோவாட்டில் இயங்கும் கருவி பொறி வைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதால் மருந்து அறைக்கு அதுவே தகுதி. ஒயர் இருக்கும் எலெக்ட்ரிக் மேட்ச் கிடங்குக்கு மட்டும் இந்த ஏற்பாடு கூடாது.

ஆட்களை எண்ணவும் இதே அலைகளைப் பயன்படுத்தலாம். மனித உடம்பு அலையைக் கலைக்கும் விதத்தை வைத்து அறையில் நாலு பேரா ஏழு பேரா என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி உலகெங்கும் நடக்கிறது. கேமரா போல முகம் பார்க்காது என்பதால் பெண்கள் பெருவாரியாக வேலை செய்யும் இடத்துக்குப் பொருந்தும் என்று வாதிடலாம். ஆனால் எண்ணிக்கை தெரியாததால் அங்கே ஏழு பேர் உட்காரவில்லை. தீபாவளி நெருக்கடியில், உள்குத்தகைக்கு விட்ட அறையில், கூலி உருப்படிக் கணக்கில் இருக்கும்போது, எல்லோருக்கும் தெரிந்தே ஏழு பேர் உட்காருகிறார்கள். அந்த உணரியை முதலில் கழற்றி வைப்பவர் யாரென்று ஊருக்குத் தெரியும். வெப்பநிலை உணரிக்கு அப்படி எதிரி இல்லை. அதனால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தொடங்கும் இடமும் ஆலையாக இருக்கக் கூடாது. உரிமம் பெற்ற வளாகத்தில் ஒரு கட்டுமானத்தை மாற்றுவதானால் உரிமத்தோடு இணைந்த வரைபடத்தில் அதைக் காட்டி, வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதி பெற வேண்டும்; நாக்பூர் லைசென்ஸ் என்று ஊரில் சொல்லப்படும் அந்தக் கோப்புக்குள் அளக்கப்படாத ஒரு பொருளை நுழைப்பது நியாயமும் அல்ல. அச்சகத்துக் கிடங்கு ஒன்று போதும். உலோகப் பூச்சுப் படலச் சுருள்கள் கூரை வரை அடுக்கியிருக்கும் கிடங்கில் ஏற்கெனவே சிக்னல் சிதறிக் கிடக்கும். எதிர்ச்சுவரில் அச்சடித்த ஒரு பலகை, நடுவில் ஓர் உணரி. சித்திரை வெயிலில் ஒருமுறை, ஐப்பசி ஈரத்தில் ஒருமுறை, பலகையோடும் பலகை இல்லாமலும் உணரியின் கைக்கு எத்தனை மைக்ரோவாட் வருகிறது என்று அளந்து, கோப்பில் வைக்கத்தக்க எண்ணாக எழுதி வைக்கலாம்.